செபஸ்தியார் கோயில் மெழுகு

கரண்ட் போனபோது ஏற்றிய மெழுகுவத்தி மேசையில் ஒட்டிக்கிடந்தது. காலையில் அதைக் கத்தியால் சுரண்டியபோது எழுந்த வாசனை, எங்கள் தெருக்கோடியில் இருந்த செபஸ்தியார் கோயிலுக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. கிரிவலம் போகிறவர்களின் இரைச்சல் வெளியே கேட்டுக்கொண்டிருக்க, உடம்பெல்லாம் அம்பு தைத்தும் சிரித்துக்கொண்டிருக்கும் அந்தச் சுரூபத்தின் காலடியில், சனிக்கிழமைதோறும் அம்மாவும் நானும் இப்படித்தான் மெழுகு சுரண்டுவோம்.

அப்பா அங்கே செபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார். வரப்புத் தகராறில் அவரைக் குத்திக் கொன்றவன், தண்டனை முடிந்து ஒரு ஞாயிறு பூசைக்கு வந்தான். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் பங்குச் சாமியார் அவனை அம்மா முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்லும்மா. எல்லாரும் பாக்கறாங்க."

அம்மா கைகூப்பினாள். கோயிலே அழுதது. "இவங்கதாங்க நம்ம ஊரு புனிதர்" என்றார்கள். பன்னிரண்டு வயது மகள் என்னை யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மாவால் அழக்கூட முடியவில்லை. அப்பாவின் நினைவு நாளில் கண் கலங்கினாலும், "நீங்களே அழலாமாங்க?" என்பார்கள். மீன்காரியிடம் குரல் உயர்த்தினால், "அவனையே மன்னிச்சவங்களாச்சே" என்பாள். செபஸ்தியாரைப் போலவே அம்மாவும் சிரிக்கப் பழகினாள். வீட்டிலும் அதே சிரிப்புத்தான்.

வேறு இடத்தில் புதுக் கோயில் கட்டியதும் பழையதை இடித்தார்கள். இப்போது அங்கே லாட்ஜ். இடித்த அன்று, படுத்த படுக்கையாக இருந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"முழுசா இடிச்சுட்டாங்களாடி?"

"செவுரு ஒண்ணு மிச்சம் இருக்கும்மா."

"அதையும் இடிக்கச் சொல்லு."