துர்துகானின் சீர்ப்பெட்டி

ஜுமகாதிருக்கு நான் மொத்தம் ஒன்பது கட்டுகள் போட்டேன். எல்லாம் ஒரே வசந்த காலத்தில், எல்லாம் விரல்களில். பிஷ்கெக் டிராலிபஸ் பணிமனையில் முப்பத்தோரு ஆண்டு மின்வேலை பார்த்துக் கீறல்கூட வாங்காத மனிதர், ஓய்வு பெற்றபின் ஒரு கணினிப் பெட்டியிடம் அடி வாங்கினார். பழைய பெட்டிகளின் உள்தகரம் கத்தி மாதிரி. எதிர்வீட்டில் இருப்பவள், ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்தவள் என்பதால் என் கதவைத்தான் தட்டுவார்.

அவருக்கு முப்பத்தாறு வயதில்தான் கல்யாணம். அதனால் சீரும் புதுக்காலத்துச் சீர்: மெத்தைகள், சமோவார், ஒரு கணினி. கணினியின் உள்பாகங்கள் செத்து வெகுகாலமாகிவிட்டது. மஞ்சளாகிப்போன பெட்டி மட்டும் மெத்தை அடுக்கின் பக்கத்தில் நின்றது. அதற்குள் இன்றைய பாகங்களைப் பொருத்தி, பழைய கூட்டாளிகளுடன் டாங்கிச் சண்டை விளையாட வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

மனைவி துர்துகான் விரலை நீட்டினாள். "எங்கப்பா குடுத்த பெட்டி. ஒரு ஓட்டை போட்டீங்க, அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். சனிக்கிழமைக்குள்ள ஓடலைன்னா அதுல மாவு கொட்டி வெப்பேன்."

"மாவு வெளிய கொட்டும். பின்னாடி காத்துக்கு வழி இருக்கு."

"துணியால அடைப்பேன்."

கிராஃபிக்ஸ் கார்டு பெட்டியைவிட இரண்டு விரற்கடை நீளம். அவள் ஊர்ப் பொதுக் குளியல் இல்லத்துக்குப் போன நேரத்தில் உள்ளேயிருந்த பழைய டிஸ்க் கூட்டைப் பெயர்த்து இடம் பண்ணினார். "அறுக்கலக்கா, கழட்டினேன்," என்று என்னிடம் சத்தியம் செய்தார். நான் அவர் கட்டைவிரலைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை கணினி ஓடியது. மூடி வைத்ததும் பத்தே நிமிடத்தில் நின்றது. திறந்தால் ஓடியது, மூடினால் நின்றது. மூன்று முறை எல்லாவற்றையும் பிரித்தார்.

சனிக்கிழமை மத்தியானம் ஒன்பதாவது கட்டுக்கு வந்தார். "தெறந்தா உசிரு, மூடினா சாவு. என்னக்கா வியாதி இது?"

"மூச்சு விடுதா, பாத்தியா தம்பி?"

"மூணு ஃபேன் வெச்சிருக்கேன்!"

போய்ப் பார்த்தேன். துர்துகான் மாவுச் சாக்கோடு தயாராக நின்றாள். புறங்கையால் பெட்டியைத் தொட்டேன், கொதித்தது. மேலே ஒரு பூவேலைத் துணி. பின்பக்கம் தரைவரை தொங்கியது.

"இது எப்ப போட்டது?"

"எப்பவும் போடறதுதானே அக்கா! டிவிக்குப் போட்டிருக்கேன், ஃப்ரிட்ஜுக்குப் போட்டிருக்கேன். வெறுமனே நின்னா வர்றவங்க என்ன நெனப்பாங்க?"

என் வீட்டு மைக்ரோவேவுக்கும் அப்படியொன்று உண்டு. இங்கே யார் கண்ணிலும் அது படுவதில்லை. திறக்கும்போதெல்லாம் அவர் எடுத்துப் போட்டார், மூடியதும் அவள் எடுத்து விரித்தாள்.

"காய்ச்சக்காரனுக்குக் கம்பளி போத்தி வெச்சிருக்கீங்க. எடு அதை."

எடுத்தாள். கணினி மாலைவரை நிற்காமல் ஓடியது. மாவுச் சாக்கு சமையலறைக்குத் திரும்பியது.

ஆனால் மொட்டைப் பெட்டி அவள் கண்ணை உறுத்தியது. அடுத்த வாரம் போனபோது துணி மறுபடி பெட்டிமேல் இருந்தது. பின்னால் ஃபேன்களுக்கு மூன்று வட்டங்கள், முன்னால் பொத்தானுக்கு ஒன்று, வெட்டி, ஓரம் தைத்து, சுற்றிலும் இதழ்கள்.

"பெட்டியில ஓட்டை போட்டா ஊரே ரெண்டுபடும். துணியில மட்டும் போடலாமா?" என்றார் ஜுமகாதிர்.

"பெட்டி எங்கப்பா குடுத்தது," என்றாள் துர்துகான். "துணி உங்கம்மா குடுத்தது."