கதிரையை நிமிர்த்திக் கேட்டவர்

செய்தி வந்தபோது ஒருவருக்கு ஊசி போட்டுவிட்டு, வாய் விறைக்கட்டும் என்று காத்திருந்தேன். வரவேற்பு மேசையில் இருக்கும் மாலதி வந்து கதவடியில் நின்றாள். "சபேசன் அண்ணை போயிட்டாராம், அக்கா. விடியப்புறம், நித்திரையிலயாம்" என்றாள். கதிரையில் இருந்தவர் எனக்கு முன்பே அழத் தொடங்கிவிட்டார். அவருடைய பாதி முகம் விறைத்திருந்தது, மற்றப் பாதிதான் அழுதது. ஏதோ சொல்ல வந்தார், சொல் வரவில்லை.

ஹவுன்ஸ்லோவில் எங்கள் பல் கிளினிக்குக்கு வந்த உங்களில் பலருக்கு, டொக்டர் கனகசபேசன் முகமூடிக்கு மேலே தெரியும் இரண்டு கண்கள்தான். வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு ஊர்ப்புதினம் கேட்பார். நீங்கள் 'ஆ', 'ஊ' என்பீர்கள். எல்லாம் விளங்கியதுபோல் தலையாட்டுவார். நானும் அவரும் சேர்ந்து கடன்பட்டு வாங்கிய கிளினிக் அது. கூட்டாளிகள் என்றால் தினமும் சண்டை பிடிப்பவர்கள் என்பதை அவரோடு இருந்துதான் அறிந்தேன். இனிச் சண்டைக்கு ஆள் இல்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எங்களிடம் வந்தவர்களில் அநேகர் விமான நிலையத்தில் பொதி ஏற்றுபவர்கள், துப்புரவு செய்பவர்கள், விமானச் சாப்பாடு அடைப்பவர்கள். வேலை கொடுத்தவர்கள் இவர்களுக்கு ஒரு காப்புறுதி எடுத்துக் கொடுத்திருந்தார்கள். அந்த ஒரு காப்புறுதிக் கொம்பனியை நம்பித்தான் எங்கள் கதவு திறந்திருந்தது. பல்லைப் பிடுங்க அது உடனே சம்மதிக்கும். பல்லைக் காப்பாற்ற வேர்ச் சிகிச்சை செய்யவேண்டும் என்றால் இழுத்தடித்து, கடைசியில் மறுத்துவிடும். கொம்பனியை விட்டால் கடன் கட்ட வழியில்லை. விடாவிட்டால் காப்பாற்றக்கூடிய பற்களைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். மத்தியானச் சோற்றை வைத்துக்கொண்டு இதையே சுற்றிச் சுற்றிப் பேசுவோம். பிறகு இருவரும் முகத்தைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போவோம்.

சென்ற வருடம் வதனி வந்தார். சாப்பாடு அடைக்கும் இடத்தில் வேலை செய்பவர். முன்வரிசையை ஒட்டிய பல், நிச்சயமாகக் காப்பாற்றியிருக்கலாம். கொம்பனி மறுத்துவிட்டது. "புடுங்கி விடுங்கோ டொக்டர், ஷிப்டுக்குப் போகவேணும்" என்று படுத்தபடியே கண்ணை மூடிக்கொண்டார். அண்ணை பிடுங்கினார். எழுந்து கண்ணாடியைப் பார்த்த வதனி கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "இவ்வளவு தெரியுமெண்டு நினைக்கேல்லை" என்றார். யாரையும் குறை சொல்லும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை.

அன்று அண்ணை வெகுநேரம் கை கழுவினார். "இண்டைக்கு நான் டொக்டர் இல்லை, சுகந்தி. கொம்பனியின்ர குறடு" என்றார். அதற்குப் பிறகு யாருடைய பல்லைப் பிடுங்குவதானாலும் முதலில் கதிரையை நேராக நிமிர்த்துவார். முகமூடியைக் கழற்றுவார். கையில் கண்ணாடியைக் கொடுத்து, "கொம்பனியை விடுங்கோ. உங்கட பல்லு, நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று கேட்பார். வெளியே ஆட்கள் காத்திருக்க இது என்ன கூத்து என்று நான் கத்துவேன். "படுத்துக் கிடக்கிற சனம் எல்லாத்துக்கும் ஓம் எண்டுதான் சொல்லும். நிமிர்த்திப்போட்டுக் கேளும்" என்பார்.

கொம்பனியிடமிருந்து விடுபட அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். நோயாளிகள் மாதாமாதம் ஒரு சிறு தொகையை நேரே கிளினிக்குக்குக் கட்டுவது, சோதனையும் சுத்தம் செய்வதும் வேர்ச் சிகிச்சையும் அதற்குள் அடங்குவது. நல்ல திட்டம். ஆனால் இந்த வருடத் தொடக்கத்தில் அதைச் சனத்துக்கு விளக்கும்போது, "எங்கட சீட்டு மாதிரித்தான்" என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். சீட்டில் எல்லோரும் மாதாமாதம் கட்ட, ஒவ்வொருவராக முழுத் தொகையையும் எடுப்பார்கள். பொறுத்திருந்து கடைசியில் எடுப்பவருக்குத்தான் லாபம். ஒருவர் தன் முறையை மனைவிக்கு மாற்றித் தரச் சொன்னார். இன்னொருவர், "எனக்குப் பல்லு நோகேல்லை, நான் கடைசியா எடுக்கிறன். காசாத் தருவியளோ?" என்று கேட்டார். அண்ணை அவர் வாயைப் பார்த்துவிட்டு, "எல்லாப் பல்லும் அப்பிடியே இருக்கு. அதுதான் நீங்கள் எடுத்த சீட்டு" என்றார். அந்த மனிதர் திருப்திப்பட்டதாகத் தெரியவில்லை.

சீட்டு என்றால் பிடிப்பவர் ஒருநாள் ஓடிவிடுவார் என்ற பயமும் கூடவே வரும். ஊரில் நடக்கும் போரைக் கேட்டு எல்லோரும் இடிந்துபோயிருந்த மாதங்கள் அவை. எந்தக் கெட்ட செய்தியையும் சனம் உடனே நம்பியது. டொக்டர் ஓடப்போகிறாராம் என்று கதை பரவ, சேர்ந்தவர்கள் விலகத் தொடங்கினார்கள். அண்ணை தன் சோற்றுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்பக்கக் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் இருந்தார். தெருவில் போகிறவர்கள் பார்க்க, ஒவ்வொரு மத்தியானமும் அங்கேயே சாப்பிட்டார். "நல்லாப் பாக்கட்டும். ஓடுறவன் மீன்குழம்போட இருப்பானோ?" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் விலகியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

கோடை முடியும்போது எங்கள் காலில் நிற்கலாம் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது. வருட முடிவோடு கொம்பனியை அடியோடு விட்டுவிடுவோம் என்றேன். முதலில் விடச்சொன்னவரே இப்போது மாட்டேன் என்றார். வதனி போன்றவர்களால் எங்கள் திட்டத்தில் சேர முடியவில்லை. ஊரில் போருக்குப் பிறகு முகாமில் கிடந்த தன் ஆட்களுக்குக் காசு அனுப்பியபின் வதனியின் கையில் எதுவும் மிஞ்சவில்லை. கொம்பனியை விட்டால் அவருக்கு நாங்களும் இல்லை. "நாங்கள் வெளியில வந்து கதவைப் பூட்டினா, உள்ளுக்க நிக்கிறது ஆர்?" என்றார் அண்ணை. "அப்ப நாங்களும் உள்ளுக்கயே கிடந்து சாகிறதோ?" என்று கேட்டேன். அந்தப் பேச்சை முடிக்காமலேயே அவர் போய்விட்டார். வருடம் முடியப்போகிறது, கொம்பனி என் பதிலுக்காகக் காத்திருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மூச்சு முட்டுகிறது, அண்ணை.

செத்தவீடு முடிந்து கிளினிக்கைத் திறந்த அன்று வதனி வந்தார். இம்முறை மறுபக்கத்துப் பல். கொம்பனியின் பதிலும் பழைய பதில்தான். நான் கதிரையை நிமிர்த்தினேன். முகமூடியைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியை அவர் கையில் கொடுத்துக் கேட்டேன். பழைய இடைவெளி தெரிய ஒரு கணம் சிரித்தார். "நீங்களும் கேக்கிறியளோ?" என்றார். பிறகு கண்ணாடியை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"புடுங்குங்கோ டொக்டர். ஷிப்டுக்கு நேரமாகுது."

வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். கதிரையைச் சாய்க்காமல், இன்னொரு முறை கேட்டேன்.