ஐயாவுக்குப் பிடித்தது

ஐயா இறந்த பதினாறாம் நாள் எங்கள் வீட்டில் ஒரு சண்டை நடந்தது. சொத்துக்காக என்றால் ஊரில் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். இது கருவாட்டுக் குழம்புக்கும் கேசரிக்கும் நடந்த சண்டை. அப்பாவைப் பெற்றவரை ஐயா என்றும் அவர் மனைவியை அப்பத்தா என்றும் கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்தில், கடலையையும் தைலமரத்தையும் விட்டால் வேறெதையும் நம்பாத ஊர் எங்களுடையது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

கருமாதி காலையிலேயே முடிந்துவிட்டது. மாலையில் விளக்கு வைக்கும் நேரத்துக்குப் படையல். இறந்தவருக்கு என்னவெல்லாம் பிடிக்குமோ அதையெல்லாம் சமைத்து, அவர் போட்டோவுக்கு முன்னால் தலைவாழை இலையில் வைத்து, சாம்பிராணி போட்டு, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். அவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். அதுவரை வீட்டில் யாரும் எதையும் வாயில் வைக்கக் கூடாது. பிடித்ததை வைக்காவிட்டால் மனிதர் மனக்குறையோடு போய்விடுவாரே என்பதுதான் அப்பத்தாவின் கவலை. அதனால் அழுவதைக்கூட ஒத்திப்போட்டுவிட்டு அடுப்படியிலேயே நின்றாள். நான் ஐயா வாசல் வழியாக வருவாரா, கொல்லை வழியாக வருவாரா என்ற யோசனையில் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தேன்.

கொல்லையில் விறகடுப்பு மூட்டி அத்தை கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். அப்பாவின் தங்கை, திருமயத்தில் வாழ்க்கைப்பட்டவள். கேசரி அடிப்பிடித்து வாசனை வந்தும் இறக்கவில்லை. கருகுது, கருகுது என்று பெண்கள் பதறினார்கள். கருகட்டும் என்றாள். சின்ன வயதில் அவள் முதன்முதலாகக் கிண்டிய கேசரி அடிப்பிடித்துப் போனதாம். அழுதுகொண்டு நின்றவளிடம், அடியில் பிடித்ததுதான் ருசி என்று ஐயா சட்டியைச் சுரண்டிச் சாப்பிட்டாராம். அன்றிலிருந்து ஐயா வந்தால் அவள் வீட்டில் கேசரி கருகாமல் இறங்கியதே இல்லை.

அப்பத்தா கரண்டியோடு வெளியே வந்தாள்.

"தித்திப்பாடி வைக்கப் போற? ஒங்கப்பா தித்திப்பத் தொட்டே வருசக் கணக்காச்சு. அவருக்குத்தான் அது ஆகவே ஆகாதே."

"கருவாடுதான் அவருக்கு ஆகாது. வாசன வந்தாலே எந்திரிச்சு அங்கிட்டுப் போயிருவாரு. எங்க வீட்டுல வச்சு அவரே சொன்னாரு."

"ஒன் கையால வச்ச கருவாட்டுக் கொழம்புன்னா ரெண்டு வாய் கூட எறங்குதுன்னு எங்கிட்டயும் அவருதாண்டி சொன்னாரு."

இருவருக்குமே ஐயாதான் சாட்சி. அவரோ மாலை போட்டுக்கொண்டு சுவரில் சிரித்தபடி இருந்தார். தீர்த்துவைக்க அப்பா துபாயில் இருந்த சித்தப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். லீவு கிடைக்காமல் வர முடியாமல் போன சித்தப்பா, பேரீச்சம்பழம் வைக்கச் சொன்னார். அவர் அனுப்பும் பழம் என்றால் ஐயாவுக்கு உயிராம். அந்தப் பழத்தில் முக்கால்வாசி என் வயிற்றுக்கும் என் கூட்டாளிகள் வயிற்றுக்கும்தான் போனது. ஆனால் அதை என்னிடம் யாரும் கேட்கவில்லை.

பிறகு அம்மா மெதுவாக வாயைத் திறந்தாள். கீரனூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை அவளுக்கு. விடிந்ததும் பஸ் பிடிக்க ஓடுவாள்.

"மாமாவுக்குக் காலையில பழைய சோறுதான் புடிக்கும். எனக்கு இட்லியெல்லாம் ஊத்தாதம்மான்னு வந்த புதுசுலயே சொல்லிட்டாரு. ஞாயித்துக்கெழம மட்டுந்தான் இட்லிய எட்டு, பத்துன்னு…"

பாதியில் நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு.

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்பத்தாவிடம் திரும்பினார்.

"ஆத்தா, ஒனக்குச் சுகர்னு டாக்டர் சொன்ன பெறகுதான அவரு தித்திப்ப விட்டாரு?"

கருவாடு இல்லாமல் அப்பத்தாவுக்குச் சோறு இறங்காது. அத்தைக்கோ அந்த வாசனை சின்ன வயதிலிருந்தே குமட்டும். எல்லோருக்கும் தெரிந்த விஷயங்கள்தான். யாரும் அவற்றைச் சேர்த்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அப்பத்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்பது வருசமா ஆக்கிப் போட்ருக்கேன். அந்த மனுசனுக்கு என்ன புடிக்கும்னு எனக்குத் தெரியலையே. எலையில எதடி வைப்பேன்?"

ஐயாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. வாசலுக்கு ஓடுவதை விட்டுவிட்டு அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அத்தை வந்து அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது.

பிறகு அப்பத்தா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எல்லாருக்கும் எலை போடுங்க."

பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர், ஐயாவுக்குத் தம்பி முறை, பதறிப்போனார்.

"என்ன மதினி இது? படைக்காம யாராச்சும் கை நனைப்பாங்களா?"

"நாம சாப்புடாம அவரு என்னைக்குத் தம்பி கை நனச்சிருக்காரு? முந்தி வச்சா வந்தாலும் தொட மாட்டாரு. எல்லாரும் சாப்புட்டாச்சான்னு கேட்டுட்டு, மிச்சம் இருக்குறதப் போட்டுக்கிட்டு ஒக்காருவாரு. இன்னைக்கும் அப்புடித்தான். ஒக்காருங்க."

பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். கருவாட்டுக் குழம்பை இரண்டாவது தடவை கேட்டு வாங்கியதும் அவர்தான். பதினாறு நாள் கவுச்சி இல்லாமல் கிடந்த வீடு, எல்லோரும் நன்றாகவே சாப்பிட்டார்கள். அப்பத்தா அத்தையிடம் கருகிய கேசரியில் ஒரு வாய் கேட்டாள். சுகரை நினைவுபடுத்த அத்தைக்கு அன்று மனசு வரவில்லை.

எல்லோரும் கை கழுவிய பிறகு ஐயாவுக்கு இலை போட்டார்கள். பானைகளில் மிச்சம் இருந்ததைத்தான் அப்பத்தா வைத்தாள். அடிச்சோறு, கருவாட்டு வால், சட்டியில் சுரண்டிய கேசரி, கொஞ்சம் பேரீச்சம்பழம். சாம்பிராணிப் புகை பரவத் தொடங்கியதும் எனக்குத் தாங்கவில்லை. முக்கியமான ஒன்றை எல்லோரும் மறந்துவிட்டார்களே என்று என் இலைக்கு ஓடினேன். எனக்கு வைத்த அவித்த முட்டையில் வெள்ளையைத் தின்றுவிட்டு மஞ்சள் கருவை ஓரமாக வைத்திருந்தேன். அதை உடையாமல் எடுத்து வந்து ஐயாவின் இலையில் நட்டநடுவில் வைத்தேன்.

"ஐயாவுக்கு மஞ்சக்கருதான் ரொம்பப் புடிக்கும். வெள்ளைய எங்கிட்டக் குடுத்துட்டு எப்பவும் அவரே இத எடுத்துக்குவாரு."

எச்சில் இலையிலிருந்து எடுத்ததைப் படையலில் வைத்ததற்குப் பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பத்தா கையைக் காட்டி நிறுத்தினாள். அப்பா சட்டென்று வெளியே போய்விட்டார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். புகை கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்தேன். அப்பத்தா என் கன்னத்தைத் தடவி, "ஆமாடி ஆத்தா, அதுதான் அவருக்குப் புடிக்கும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

சாத்திய கதவுக்கு வெளியே எல்லோரும் நின்றோம். இத்தனை பெரியவர்களுக்கும் தெரியாதது எனக்கு மட்டும் தெரிந்திருந்ததே என்று எனக்கு ஒரே பெருமை. எனக்கு மஞ்சள் கரு பிடிக்காது என்பதை அதோடு சேர்த்துப் பார்க்க எனக்குப் பல வருடங்கள் ஆயின.