அக்கா கவுண்டரின் நீலப் பட்டை

என் அக்கா புருஷனுக்கு ஆபீசில் வைத்த பெயர் ‘டெம்பரவரி’. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தலை நரைக்கும்வரை அவர் தற்காலிக ஊழியர்தான். நேற்று வந்தவனெல்லாம் நிரந்தரமாகிவிட்டான். இவருக்கு மட்டும் முதலாளி ஒவ்வொரு தடவையும் “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்று தண்ணி காட்டினார். நானும் அதே ஆபீசில்தான் இருக்கிறேன். கிளினிக் கவுண்டர்களில் நோயாளிகளைப் பதிவு செய்யும் மென்பொருள் எங்களுடையது. எழுதுவது மாமா. அது மக்கர் பண்ணினால் போனில் திட்டு வாங்குவது நான்.

அப்போதுதான் முதலாளியின் மருமகன் வந்து சேர்ந்தார். வந்ததும் வராததுமாக, திரையில் திறக்கும் எங்கள் பதிவு விண்டோவைச் சுற்றியிருந்த ஓரத்தையும் மேலே இருந்த தலைப்புப் பட்டையையும் எடுக்கச் சொன்னார். பார்க்க நீட்டாக இருக்குமாம். மாமா எடுத்தார். மறுநாள் காலையிலிருந்து என் போன் ஓயவில்லை. தலைப்புப் பட்டையைப் பிடித்துத்தானே விண்டோவை இழுப்பார்கள்? அது போனதும் விண்டோ திரையின் நடுவில் சட்டமாக உட்கார்ந்துகொண்டது. பின்னால் இருந்த டோக்கன் வரிசை மறைந்துபோயிற்று.

அக்காவும் ஒரு கிளினிக் கவுண்டரில்தான் வேலை பார்க்கிறாள். வீட்டுக்கு வந்ததும் மாமாவைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, அந்தச் சனியனைக் கொஞ்சம் ஓரமாத் தள்ள முடியாதா? அடுத்து யாருன்னே தெரியலை. எழுந்து நின்னு கத்தவேண்டியிருக்கு. தொண்டை போகுது எனக்கு.”

மாமா உட்கார்ந்தார். விண்டோவின் மேல்பக்கம் ஒரு நீலப் பட்டை வரைந்தார். அதில் மவுஸை அழுத்தி இழுத்தால் விண்டோ கூடவே வரவேண்டும். முதலில், இழுக்கத் தொடங்கியதுமே விண்டோ துள்ளி, அதன் மூலை மவுஸ் அம்புக்கு அடியில் வந்து நின்றது. அழுத்திய இடத்துக்கும் மூலைக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துவைத்து, நகரும்போதெல்லாம் அதே இடைவெளி இருக்கும்படி செய்தார், துள்ளல் நின்றது. வேகமாக இழுத்தால் அம்பு மட்டும் ஓடிப்போய் விண்டோ பாதி வழியில் நின்றது. விரலை எடுக்கும்வரை மவுஸ் எங்கே போனாலும் விண்டோவுக்குச் செய்தி வரும்படி செய்தார். அதுவும் சரியாயிற்று.

அத்தோடு விட்டிருக்கலாம். “தினம் காலையில தள்ளி வைக்கிறதே ஒரு வேலையாப் போச்சு” என்று அக்கா சலித்துக்கொண்டாள். அதற்காக, ஆபீசில் யாரும் கேட்காத ஒன்றையும் சேர்த்தார். முந்தின நாள் எங்கே விட்டார்களோ அங்கேயே மறுநாள் விண்டோ திறக்கும்.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. “கவுண்டர்ல எல்லாரும் கேட்டாங்க, யாரு செஞ்சதுன்னு. எங்க வீட்டுக்காரர்னு சொன்னேன்” என்றாள். மாமா காது கேட்காதவர் போல வேறு பக்கம் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சமயம் ஒரு பெரிய மருத்துவமனை எங்கள் மென்பொருளைப் பார்க்கக் கூப்பிட்டது. “இது மட்டும் படியட்டும், உன்னை நிரந்தரமாக்கிடறேன்” என்று முதலாளி எல்லார் முன்னாலும் மாமாவிடம் சொன்னார். அக்கா நம்பினாள். நானும் நம்பினேன், புத்தி கெட்டவன்.

மருமகன் தன் அறையில், மடிக்கணினியோடு இன்னொரு திரையையும் இணைத்து ஒத்திகை பார்த்தார். இந்தத் திரையிலிருந்து அந்தத் திரைக்கு விண்டோவை இழுத்துவிட்டு, தானே செய்த மாதிரி பெருமைப்பட்டார். அப்படியே மூடி எடுத்துக்கொண்டு கிளம்பினார். மாமாவைக் கூட்டிப் போகவில்லை. ஆள் எடுப்பாக இல்லையாம்.

மருத்துவமனையில் மடிக்கணினியின் ஒற்றைத் திரைதான். விண்டோவோ கடைசியாக விட்ட இடத்தில், அதாவது அங்கே இல்லாத அந்த இரண்டாவது திரையில், போய்த் திறந்துகொண்டது. திறந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. மருமகன் தட்டோ தட்டென்று தட்டினார். எனக்குப் போன் போட்டுக் கத்தினார். நான் மாமாவிடம் கொடுத்து, மாமா வழி சொல்வதற்குள் தலைமை மருத்துவர் எழுந்து போய்விட்டார்.

உள்ளதைச் சொல்லவேண்டும். விட்ட இடத்தில் இப்போது திரை இருக்கிறதா, இல்லையென்றால் நடுவுக்கு வா என்று இரண்டு வரி எழுதியிருக்கவேண்டும். மாமா எழுதவில்லை. அக்காவின் கவுண்டரில் ஒரே திரை. எழுதும்போது அவர் மனதில் இருந்தது அந்த ஒரு கவுண்டர்தான்.

“உன்னை யாருய்யா இதையெல்லாம் ஞாபகம் வைக்கச் சொன்னது?” என்று முதலாளி குதித்தார். “எல்லாத்தையும் எடு. விண்டோ நடுவுல கிடக்கட்டும், அசையக்கூடாது. எடுத்துட்டுக் கிளம்பு. நாளையிலேருந்து வரவேண்டாம்.”

இரண்டு வரி சேர்த்தால் தீர்ந்தது என்று நான் முனகினேன். மருமகன் முறைத்தார். அடங்கிப்போனேன்.

மாமா எடுத்தார். வேறெதுவும் கெடாமல், அவ்வளவு ஒழுங்காக எடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானாக இருந்தால் எதையாவது நாசம் பண்ணிவிட்டு வந்திருப்பேன்.

வீட்டில் அவர் சொல்லவில்லை. தினமும் சட்டை மாட்டிக்கொண்டு எங்கோ போய்வந்தார். ஒரு நாள் நான் அங்கே இருந்தபோது அக்கா வேலையிலிருந்து வந்தாள். பையை ஆணியில் மாட்டும்போதே ஆரம்பித்தாள்.

“எந்தக் கட்டையில போறவன் அதை எடுத்தானோ! மறுபடியும் நடுவுல வந்து குந்திக்கிச்சு. நீங்க போட்டதை எடுக்க அவனுக்கு என்ன திமிரு? அவன் கை விளங்காமப் போக!”

சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமா தட்டிலிருந்து கையை எடுத்தார்.

“நான்தான் எடுத்தேன். அங்க எனக்கு அதுதான் கடைசி வேலை.”

அக்கா அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள். “எனக்காகத்தான் செஞ்சதுன்னு அவங்ககிட்ட சொன்னீங்களா?”

“உன் பேச்சு எதுக்கு அங்க?”

கிளினிக்குகளிலிருந்து இன்னும் எனக்குப் போன் வந்துகொண்டுதான் இருக்கிறது. “புது டிசைன் அப்படித்தாம்மா, நகராது” என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். வயிறு இருக்கிறதே, சொல்கிறேன். அக்கா மறுபடியும் எழுந்து நின்று கத்தித்தான் அடுத்த ஆளைக் கூப்பிடுகிறாள். அவள் கவுண்டரிலிருந்து மட்டும் ஒரு போன்கூட வந்ததில்லை.