பாறசாலைக்கு வந்த காட்டெருமை

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், திருவனந்தபுரம் ஏர் கார்கோ ஷெட்டில் ஒரு மரப்பெட்டியைத் திறந்தோம். உள்ளே ஒரு காட்டெருமைத் தலை. கண்ணாடிக் கண்ணால் எங்களை முறைத்தது. லோடிங் தொழிலாளி ஒருவர் கும்பிட்டே விட்டார்.

அதுவரை நான் கிளியர் செய்ததெல்லாம் டேப் ரெக்கார்டர், மிக்சி, கம்பளிதான். கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை என்றால், விமானத்தில் வந்த சாமானுக்குப் பேப்பரைச் சரிபார்த்து, கஸ்டம்ஸ் ஆபீசர் முன்னால் வைத்து, சாமானை வெளியே எடுத்துக் கொடுப்பது. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் பெட்டி வந்தால் என் தலையில் கட்டிவிடுவார்கள். நான் அந்த ஊர்க்காரன், தமிழ், மலையாளம் இரண்டிலும் ஏச்சு வாங்கத் தெரிந்தவன்.

பெட்டிக்காரர் ஜெபமணி, பாறசாலைப் பக்கத்துக் கொல்லயில்காரர். வெளிநாட்டுப் பணக்காரர்களை வேட்டைக்கு அழைத்துப்போகும் ஒரு ஆப்பிரிக்கக் கம்பெனியில் ஒன்பது வருஷம் ஸ்டோர் கீப்பர். அவர் தனியாக வந்திருந்தால் அரைமணி நேர வேலை. கூடவே மாமனார் ஞானதாசும் வந்திருந்தார். மருமகன் எழுதும் கடிதங்களை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபை முற்றத்தில் நின்று சத்தமாக வாசிப்பவர். அப்படி ஒரு கடிதத்தில், பாய்ந்து வந்த காட்டெருமையை ஒரே வெடியில் சாய்த்ததாக ஜெபமணி எழுதியிருந்தார். கொல்லயில் முழுக்க அதுதான் பேச்சு.

எனக்குப் பெட்டியைப் பார்த்ததுமே சந்தேகம். கொம்புக்குத் தனியாகப் பஞ்சு, மூக்குக்குத் தனியாகக் கட்டை, ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஒரு வாஷர். துப்பாக்கி பிடிக்கிறவன் இத்தனை பொறுமையாகப் பெட்டி கட்டமாட்டான். இது ஸ்டோர் கீப்பர் கை.

பேப்பரைப் பிரித்தேன். வேட்டைப் பெர்மிட்டில் ஒரு வெள்ளைக்கார அம்மாளின் பெயர் இருந்தது. கொம்பு நுனி உடைந்திருந்ததால் அந்த அம்மாள் தலையை வேண்டாம் என்று விட்டுப் போயிருக்கிறார். ஜெபமணி வேலையை முடித்துக் கிளம்பும்போது கம்பெனி அதை அவருக்கே பரிசாகக் கொடுத்ததாக ஒரு கடிதமும் இருந்தது. இதைவிட நல்ல பேப்பர் கிடைக்காது. "நான் வேட்டையாடியதல்ல, பரிசாக வந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது.

ஜெபமணி என்னை ஓரமாக இழுத்தார். "அண்ணா, மாமாவ எப்படியாவது வெளிய கூட்டிட்டுப் போவணும். அந்தப் பேப்பர் சங்கதி அவரு காதுல விழப்பிடாது. பொறவு நான் அந்த வீட்டுல எப்படித் தலைநிமிந்து நடப்பேன்?"

மாமனாரிடம் போனேன். "அய்யா, ஒரு சாயா குடிச்சிட்டு வருவமா?"

"சாயா எல்லா எடத்துலயும் உண்டு தம்பி. காட்டெருமை இங்க மட்டுந்தான் உண்டு."

ஆபீசர் வந்தார். மலையாளி, நேர்மையானவர், அன்றைக்கு அதுதான் தொந்தரவு. தலையை ஒருமுறை சுற்றி வந்துவிட்டு ஜெபமணியிடம் கேட்டார்: "இதினெ ஆராணு வெடி வெச்சது?"

ஜெபமணி மாமனாரை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "நான்தான் சாறே."

சுட்டது நீ என்றால் உன் பெயரில் பெர்மிட் எங்கே, பெர்மிட் இல்லையென்றால் தலையைப் பறிமுதல் செய்து கேஸ் எழுத வேண்டும் என்று ஆபீசர் நிதானமாக விளக்கினார். நான் பரிசுக் கடிதத்தை மேசைக்குக் கீழே ஜெபமணி பக்கம் நீட்டினேன். அவர் அதைத் தள்ளிவிட்டு, "கேஸ் எழுதுங்க சாறே" என்றார். சாமானைக் காப்பாற்றப் பொய் சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சாமான் போனாலும் பொய் நிற்கட்டும் என்றவர் இவர் ஒருவர்தான். எரிச்சலாக இருந்தது, பாவமாகவும் இருந்தது.

ஆபீசர் பேனாவைத் திறந்தார். அப்போதுதான் மாமனார் எழுந்து வந்தார்.

"எழுதாண்டாம் சாறே. கல்யாணம் முடிஞ்ச மறுநாளு ஒரு கோழிய அறுக்கச் சொல்லி இவன் கையில கத்தியக் குடுத்தேன். கோழி ஓடல்ல. இவனாக்கும் ஓடினான். இவனா எருமைய வெடி வச்சான்?"

ஜெபமணி தரையைப் பார்த்தபடி கேட்டார்: "அப்பம் எதுக்கு மாமா அந்தக் கடுதாசிய எல்லாரு முன்னாலயும் வாசிச்சிய?"

"எலே மக்கா, நீ அங்க கெடந்து சாமானம் எண்ணினேன்னு வாசிச்சா எவன் நின்னு கேப்பான்? எனக்க மருமவன் பேரும் நாலுபேரு வாயில வரட்டும்னு வாசிச்சேன். இப்பம் ஒப்புப் போடு."

பரிசாக வந்தது என்று எழுதி ஜெபமணி கையெழுத்துப் போட்டார். ஆபீசர் சிரிக்காமல் சீல் குத்தினார். நான்தான் சிரிப்பை அடக்க முடியாமல் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றேன்.

அவசரத்தில் அந்தப் பேப்பரின் ஒரு காப்பியில் கையெழுத்து வாங்க மறந்துவிட்டேன். அடுத்த வாரம் அதற்காகக் கொல்லயிலுக்குப் போனேன். முன்னறைச் சுவரில் காட்டெருமை. பாலராமபுரத்திலிருந்து வந்த இரண்டு உறவுக்காரர்கள் அதன் அடியில் உட்கார்ந்திருக்க, மாமனார் சொல்லிக்கொண்டிருந்தார்: "பத்தடி தூரத்துல வந்து நிக்குது கேட்டியளா? மருமவன் அசையல்ல. ஒரே வெடி!" கடிதத்தில்கூட இத்தனை கிட்டத்தில் எருமை வந்திருக்காது.

என் பையைப் பார்த்ததும் மாமனார் கதையை நிறுத்திவிட்டு, ஏர்போர்ட் ஆபீஸ் தம்பி என்று என்னை அறிமுகப்படுத்தினார். உறவுக்காரர்களில் ஒருவர் என்னிடம் திரும்பி, "ஏர்போர்ட்டுல நீங்கதானே பேப்பர் பாத்தது? இந்தக் கதை உள்ளதாக்குமா?" என்றார்.

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ஜெபமணி நின்றார்.

"எல்லாம் சரியாட்டு உண்டு" என்றேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பேப்பரில் ஒரு பொய்யையும் விடாதீர்கள், நான் விட்டதில்லை. ஆனால் அந்தப் பேப்பரை எங்கே வைத்துப் பிரிப்பது என்பதும் வேலையில் சேர்ந்ததுதான். அன்றைக்கு அந்தக் கையெழுத்தை நான் வீட்டுக்குப் பின்னால், துவைகல்லின் மேல் பேப்பரை வைத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.