மதில்மேல் நந்தியும் மாதிரிக் கட்டுரையும்

கல் செதுக்கும் பிள்ளைகளுக்கு ஆய்வுக் கட்டுரை இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பது என் பிழைப்பு; கல்லுக்கே சொல்லிக் கொடுத்திருக்கலாம். ஓய்வு பெற்றும் வீட்டில் சும்மா இருக்க மாட்டாமல், மாமல்லபுரம் பக்கத்தில் ஒரு சிற்பக் கல்லூரியில் வந்து மாட்டினேன். விடைத்தாள் திருத்தியே ரத்த அழுத்தம் வாங்கியவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

வெள்ளைத் தாள்

முதல் வகுப்பு. நீங்கள் செய்கிற சிலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள், தப்பு வந்தால் வரட்டும் என்றேன். அரை மணி நேரம் போனது. இருபது பேரும் தாளை முறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் பேனாவைத் திறக்கவில்லை.

முன் பெஞ்சில் ஸ்டெல்லா. சதுரங்கப்பட்டினத்துப் பெண். அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் ஒப்பந்த வேலை. பேப்பர்தானே, பிடிக்காவிட்டால் அடித்துவிட்டு எழுது என்று அவளிடம் கத்தினேன். அவள் அசையவில்லை.

"கல்லுல மூக்கு போனா போனதுதான் சார். முழுசா யோசிச்சுக்கினு அப்புறம்தான் கை வெப்போம். கொஞ்ச நேரம் கம்முனு இருங்க."

வரிக்கு வரி

கடைசி வருஷத்தில் இங்கிலீஷில் ஒரு கட்டுரை எழுதித் தேற வேண்டும். தேறாவிட்டால் பட்டம் கிடையாது. ஸ்டெல்லா பட்டம் வாங்கி, பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சராகப் போக வேண்டும் என்று இருந்தாள்.

கடற்கரைக் கோயில் மதில்மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும் நந்திகளைப் பற்றி நானே ஒரு மாதிரிக் கட்டுரை எழுதிக் கொடுத்தேன். ஸ்டெல்லா அதையே திருப்பிக் கொடுத்தாள். வரிக்கு வரி. நான் தப்பாகப் போட்டிருந்த பக்க எண்ணைக்கூட விடவில்லை. காப்பி என்றால் பூஜ்யம், இன்னொரு தடவை மாட்டினால் வருஷமே போச்சு என்று சொல்லித் தாளை மேஜையில் போட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டாள்.

"பட்டறையில ஒரு நூல் அளவு மாறினா வாத்தியார் திட்றாரு. இங்க மாறலன்னு நீங்க திட்றீங்க. நான் இன்னாதான் சார் பண்றது?"

பட்டறை

புகார் சொல்ல அவளுடைய கல் வாத்தியாரைத் தேடிப் போனேன். மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு ஒரு யானையின் காதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரே சிலையைப் பார்த்து மூன்று தடவை அச்சு அசலாகச் செய்ய வைப்பாராம். நாலாவதற்கு மாதிரியைத் துணி போட்டு மூடிவிடுவாராம். அந்த நாலாவதுதான் பிள்ளையுடைய சொந்த வேலையாம். நான் முதல் காப்பிக்கே பூஜ்யம் போட்டதைக் கேட்டுச் சிரித்தார்.

"இன்னும் ரெண்டு தபா எழுதட்டும் சார், கை பழகும். அப்புறம் மாதிரிய புடுங்கிடுங்க. இன்னாத்துக்கு இவ்ளோ அவசரம் உங்களுக்கு?"

வெள்ளிக்கிழமை

அப்படியே செய்தேன். ஸ்டெல்லாவை இன்னும் இரண்டு முறை எழுத வைத்தேன். மார்க் இல்லை. பிறகு மாதிரியைப் பிடுங்கி என் பையில் வைத்துக்கொண்டு, அதே நந்திகளைப் பற்றி நீ பார்த்ததை எழுது, வெள்ளிக்கிழமை நாலு மணி கடைசி என்றேன்.

நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஓடி வந்தாள். பேண்ட் முழுக்க மண். நின்றபடியே படித்தேன். பத்தி பிரிக்கும் முறை என்னுடையது. மற்றது ஒரு வரிகூட என்னுடையதில்லை. மூன்றாவது பத்தியில், நந்திகள் எல்லாம் ஒரே அளவு என்று முந்தைய கட்டுரையாளர் சொல்வது தவறு என்று போட்டு, கீழே அளவுப் பட்டியல் கொடுத்திருந்தாள். முந்தைய கட்டுரையாளர் நான்தான். முறைத்தேன்.

"ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல சார். நான் கயிறு புடிச்சுப் பாத்தேன். நீங்க தூரத்துல நின்னு பாத்துட்டு வந்துட்டீங்க."

அவள் தேறிவிட்டாள்; அடுத்த வருஷத்து மாதிரிக் கட்டுரையைத் திருத்துவதற்காக, இந்த வயதில், கொளுத்தும் வெயிலில், கையில் கயிற்றோடு மதிலைச் சுற்றிக்கொண்டிருப்பவன் நான்.