தாய்மாமன் இடத்தில் ஒரு மரங்கொத்தி

களத்தில் மக்காச்சோளம் கொட்டிக் கிடக்கிறது. தூறல் வருகிற மாதிரி இருந்ததால் பரண்மேல் சுருட்டி வைத்திருந்த ஃப்ளெக்ஸை இறக்கி மூடிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் ஊரில் எல்லார் குவியலும் ஏதாவது ஒரு ஃப்ளெக்ஸுக்கு அடியில்தான் இருக்கிறது. பக்கத்துக் களத்தில் ஒரு மாப்பிள்ளை கைகூப்பியபடி மல்லாந்து கிடக்கிறார். என்னுடையதில் மட்டும் பறவைகள். வரிசை வரிசையாக முப்பது நாற்பது பறவைகள், அத்தனையும் புளியம்பட்டை நிறம். மேலே நடுவில், பூமாலை சுற்றிய வட்டத்துக்குள், சிவப்புக் கொண்டையோடு ஒரு மரங்கொத்தி. மற்றப் பறவைகளுக்குப் பக்கத்தில் குண்டூசி குத்திய ஓட்டைகள். அந்த ஓட்டைகளைப் பார்த்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும், கூடவே கொஞ்சம் வெட்கமும் வரும்.

பெரம்பலூரில் ஃப்ளெக்ஸ் டிசைன் செய்வது என் தொழில். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா என்று எதுவானாலும் கம்ப்யூட்டரில் நான் வடிவமைத்து அனுப்புவேன். திருச்சியில் அச்சடித்து பஸ்ஸில் போட்டுவிடுவார்கள். இந்தத் தொழிலில் படம் போடுவது பெரிய விஷயமே இல்லை. யார் படம் எங்கே வருகிறது என்பதில்தான் உயிரே இருக்கிறது. தாய்மாமன் மேலே நடுவில் வரவேண்டும். பங்காளிகளில் ஒருத்தர் முகம் அரை அங்குலம் சின்னதாகிவிட்டால் பந்தியில் கை நனைக்காமல் போய்விடுவார்கள். கூட்டாளிகள் எல்லாம் கீழே தபால்தலை அளவில். இதில் நான் கில்லாடி என்று எனக்கே ஒரு நினைப்பு. அந்த நினைப்புதான் டீச்சர் விஷயத்தில் என்னைக் கவிழ்த்தது.

டீச்சர் குரும்பலூர் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுத்தவர். தினமும் அரியலூரிலிருந்து பஸ்ஸில் வருவார். என் வயதுதான் இருக்கும். மெலிந்த உடம்பு, கையில் எப்போதும் குடை, பேச்சில் சுருக்கென்று ஒரு குத்தல். ஒரு நாள் பென் டிரைவும் ஒரு தாளும் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். அரியலூரில் அறிவியல் கண்காட்சி, இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். அந்தப் பள்ளிப் பிள்ளைகள் மூன்று தடவை போய் மூன்று தடவையும் வெறுங்கையோடு திரும்பியிருந்தார்கள். "இந்தத் தடவையும் ஒண்ணும் வரலன்னா அடுத்த வருஷத்துலேர்ந்து யாரையும் அனுப்ப வேணாம்னு ஹெச்.எம். சொல்லிட்டாங்க அண்ணே. அதுங்க ரெண்டும் ராத்திரி பகலா படிச்சிருக்குதுங்க. பார்த்துச் செய்யுங்க" என்றார். குத்தல் இல்லாமல் அவர் பேசி அன்றுதான் கேட்டேன்.

படங்களைத் திறந்தேன். எல்லாம் ஒரே குருவி மாதிரி இருந்தது. தென் அமெரிக்கக் காடுகளில் இருக்கிற மரமேறிப் பறவைகளாம். ஐம்பது வகைக்கு மேல் இருக்கிறதாம். பெயரெல்லாம் வாயில் நுழையாது என்று டீச்சரே பிள்ளைகளுக்காகத் தமிழில் பெயர் வைத்திருந்தார். ஒன்றுக்கு அலகு கட்டையாக ஆப்பு மாதிரி. ஒன்றுக்கு நேராக, நீளமாக. ஒன்றுக்கு அரிவாளாக வளைந்து, முகத்தைவிட மூக்கு பெரிதாக இருந்தது. அதற்கு அரிவாள்மூக்கன் என்று பெயர். தாளில் டீச்சர் பேனாவால் ஏதோ மரம் மாதிரி கோடு கோடாக இழுத்து, கிளைக்குக் கிளை பெயர் எழுதியிருந்தார். அடியில் 'அடுப்புக் குருவி' என்று இருந்தது. ஓரத்தில், எந்தக் கோடும் தொடாமல், தனியாக 'மரங்கொத்தி' என்று இருந்தது.

நான் என்ன செய்தேன்? கோடுகளை எல்லாம் கிறுக்கல் என்று நினைத்து எடுத்துவிட்டேன். பறவைகளைப் பெரிதிலிருந்து சின்னதாக வரிசைப்படுத்தினேன். இருக்கிறதிலேயே நிறமாக, லட்சணமாக இருந்தது மரங்கொத்தி ஒன்றுதான். நம் ஊர்த் தென்னை மரத்திலேயே பார்க்கிற பறவை, மரத்தில் ஏறுவதில் பெரிய கை, அதைப் போய் ஓரத்தில் ஒதுக்கிவிட்டார்களே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. தூக்கி மேலே நடுவட்டத்தில் வைத்து மாலையும் போட்டேன். அடுப்புக் குருவியைக் கீழ் மூலையில் தபால்தலை அளவில் தள்ளினேன். டீச்சருக்கு ஃபோனில் படம் அனுப்பினேன். அவர் பரீட்சை ஹாலில் இருந்ததால் பார்க்கவில்லை. திருச்சியில் மெஷினை நிறுத்தப் போகிறோம் என்று அவசரப்படுத்தினார்கள். சரி, நாம் பார்க்காத வேலையா என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை ஏழரைக்குப் புது பஸ் ஸ்டாண்டில் பார்சல் வந்து இறங்கியது. பிள்ளைகளைக் கூட்டிப்போக விடியலிலேயே வந்துவிட்ட டீச்சரும், இரண்டு பிள்ளைகளும் அரியலூர் பஸ்ஸுக்காக நின்றார்கள். நான் பெருமையாகச் சுருளை விரித்துக் காட்டினேன். டீச்சர் மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அப்புறம் நிதானமாகக் கேட்டார்.

"அண்ணே, இது யாரு வூட்டுக் காதுகுத்து?"

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அப்போதுதான் நானும் பார்த்தேன். பழைய காதுகுத்து டிசைனின் மேலேயே வேலை செய்ததில் அடியில் இருந்த ஒரு வரியை அழிக்க மறந்திருக்கிறேன். அடுப்புக் குருவிக்கு மேலே 'தங்கள் வருகையை அன்புடன் எதிர்நோக்கும் நண்பர்கள்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போயிற்று. திருச்சிக்குப் போய் மாற்றிக்கொண்டு வர நேரமில்லை. டீச்சருக்குக் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அவர் குடையைப் பிரித்துப் பிரித்து மடக்கிக்கொண்டிருந்தார். கடையைப் பார்த்துக்கொள்ளத் தம்பியிடம் சொல்லிவிட்டு, கத்தரிக்கோலும் ஒட்டுத்தாளும் எடுத்துக்கொண்டு நானும் அதே பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

பஸ்ஸில்தான் நான் செய்த தப்பின் அளவு எனக்குப் புரிந்தது. பிள்ளைகளில் நெட்டையாக இருந்தது பொறுமையாக விளக்கிச் சொல்லியது. மரமேறிக்கு வால் விறைப்பாக ஆணி மாதிரி இருக்கும். அதை ஊன்றிக்கொண்டு அடியிலிருந்து மேலே ஏறும், உச்சிக்குப் போனதும் பறந்துபோய் அடுத்த மரத்தின் அடியில் உட்கார்ந்து மறுபடி ஏறும். மரங்கொத்தியும் வாலை அப்படித்தான் ஊன்றும். அதனால் பார்க்கிறவர்கள் இரண்டும் அண்ணன் தம்பி என்று நினைத்துவிடுவார்கள். ஆனால் மரங்கொத்திக்கு விரல் முன்னே இரண்டு, பின்னே இரண்டு. மரமேறிக்கு முன்னே மூன்று, பின்னே ஒன்று. சொந்தமே கிடையாது. மரமேறிக்கு நிஜமான சொந்தம் அடுப்பு மாதிரி மண்ணில் கூடு கட்டுகிற அந்தக் குருவிதான். முன்பெல்லாம் மரமேறிகளைத் தனிக்குடும்பம் என்றே எழுதி வைத்திருந்தார்களாம். பிறகு மரபணு வரைக்கும் துழாவிப் பார்த்து, இவர்களும் அடுப்புக் குருவி வீட்டு ஆட்கள்தான் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் சேர்த்துவிட்டார்களாம். ஆக, நான் சொந்தக்காரனை மூலையில் தள்ளிவிட்டு, வழியில் போகிறவருக்கு மாலை போட்டிருந்தேன். இருபது வருஷமாகப் பங்காளிச் சண்டை வராமல் ஃப்ளெக்ஸ் அடித்தவன், குருவிக் குடும்பத்தில் மாட்டிக்கொண்டேன்.

"கோட்டை ஏன் அண்ணே எடுத்தீங்க?" என்றார் டீச்சர். "நீட்டா இருக்கட்டும்னு" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துபோனேன். திரும்பினார், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். "மாலை வேற போட்டிருக்கீங்க" என்றார்.

இதைச் சரிசெய்ய வழி சொன்னது குட்டையான பிள்ளை. அது தன் இரட்டைச் சடையிலிருந்து சிவப்பு ரிப்பன்களை உருவியது. நெட்டையும் தன்னுடையதை உருவியது. நான்கு ரிப்பன்களையும் நான் நீளவாக்கில் நறுக்கி நறுக்கிக் கொடுத்தேன். அரியலூரில் அந்த ஹாலுக்குள் ஃப்ளெக்ஸைக் கட்டியதும், முதலில் அசட்டு வரியை ஒட்டுத்தாளால் மறைத்தோம். பிறகு கீழ் மூலை அடுப்புக் குருவியிலிருந்து கிளம்பி, ஆப்பு அலகுக்கு ஒன்று, நேர் அலகுக்கு ஒன்று, அரிவாள்மூக்கனுக்கு ஒன்று என்று ரிப்பனைக் குண்டூசியால் குத்திக்கொண்டே போனார்கள். டீச்சரின் தாளில் இருந்த மரம் துணியில் வந்துவிட்டது. மரங்கொத்தியை என்ன செய்வது என்று கேட்டேன். அதையும் ஒட்டுத்தாள் போட்டு மறைக்க நான் தயாராக இருந்தேன். "இருக்கட்டும் அண்ணே, அவரு அங்கேயே இருக்கட்டும்" என்றார் டீச்சர்.

நடுவராக வந்தவர் கண்ணாடி போட்ட ஒரு கறார் பேர்வழி. மற்ற மேசைகளில் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. எங்கள் ஃப்ளெக்ஸின் முன்னால் நின்று கேட்டார்: "எல்லாத்துக்கும் ரிப்பன் போயிருக்கு. தலைவருக்கு மட்டும் ஏன் இல்ல?"

நெட்டைப் பிள்ளை, அவிழ்ந்த சடையை முதுகுக்குத் தள்ளிவிட்டு, நேராக நின்று சொன்னது: "அவரு சொந்தம் இல்லைங்க சார். அதே வேலை பார்க்கிறவரு, அவ்வளவுதான். ஒரே வேலையைப் பார்த்துப் பார்த்து வாலு ஒரே மாதிரி ஆயிடுச்சு. பார்க்கிறவங்க எல்லாரும் ஏமாந்துடுவாங்க. எங்க ஃப்ளெக்ஸ் அண்ணனே ஏமாந்துட்டாருங்க சார்." நடுவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அசடு வழியக் கும்பிட்டேன். அவர் சிரித்தபடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விரல் எத்தனை, வால் எப்படி என்று கேட்கத் தொடங்கினார். கால் மணி நேரம் ஆயிற்று அவர் எழுந்திருக்க. இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கியவர்களைவிட எங்கள் சத்தம்தான் அதிகமாக இருந்தது. ரிப்பன்களைக் கழற்றிவிட்டு ஃப்ளெக்ஸை நானே சுருட்டி வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். அந்தப் பள்ளியிலிருந்து வருஷா வருஷம் பிள்ளைகள் கண்காட்சிக்குப் போகிறார்கள். ஃப்ளெக்ஸ் இன்றும் நான்தான் அடிக்கிறேன், கோடுகளோடு.

பிறகு டீச்சருக்கு அரியலூருக்கே மாற்றல் கிடைத்தது. பஸ்ஸில் அலைச்சல் இல்லை என்று அவருக்குச் சந்தோஷம். எனக்குத்தான் குத்தலாகப் பேச ஆளில்லாமல் போயிற்று. போன வருஷம் புது வீடு கட்டி முடித்து, புதுமனை புகுவிழா ஃப்ளெக்ஸுக்குப் படங்களை அனுப்பினார். கூடவே ஒரு தாளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். பழையபடியே பேனாக் கோடு. அண்ணன்கள், அக்கா, நாத்தனார்கள், பேரப் பிள்ளைகள் என்று கிளை கிளையாகப் போயிருந்தது. மேலே நடுவில் ஒரு வட்டம், எந்தக் கோடும் தொடாமல் காலியாக இருந்தது. முன்பு பட்ட அடி போதும் என்று உடனே ஃபோன் போட்டேன்.

"டீச்சர், மேல வட்டம் காலியா இருக்குது. யாரு போட்டோ வைக்கணும்?"

"உங்க போட்டோதான் அண்ணே."

"நான் உங்களுக்கு என்ன சொந்தம், அங்க வைக்க?"

"சொந்தம் இல்லைன்னுதான கோடு போடல" என்றார்.

வெளியே பஸ் சத்தம், கேட்கவில்லை என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். ஆயிரம் பேர் முகத்தை ஃப்ளெக்ஸில் வைத்தவன் நான். என் முகத்தை நானே வெட்டி அந்த வட்டத்துக்குள் வைக்க ஒரு மத்தியானம் முழுக்க ஆயிற்று. மாலை மட்டும் போடவில்லை.

தூறல் வலுத்துவிட்டது. படம் நனைந்தால் சாயம் போய்விடும், வெள்ளைப் பக்கத்தை மேலே திருப்பிப் போடுங்கள் என்று வீட்டிலிருந்து சத்தம் வருகிறது. நியாயம்தான், எல்லாரும் அப்படித்தான் மூடுவார்கள். நான் எழுந்து போய்க் காற்றில் தூக்கிய ஓரத்தில் இன்னொரு கல்லை வைத்துவிட்டு, படம் மேலே தெரிய அப்படியே விட்டுவிட்டு வந்தேன். சோளத்துக்கு எந்தப் பக்கமானாலும் ஒன்றுதான். மரங்கொத்தி மேலேயே இருக்கட்டும்.